சுண்ணாம்பு விழுந்த பல்

மூணாறில் நான் வேலை பார்ப்பது ஒரு சாக்லேட் கடையில். வீட்டில் செய்த சாக்லேட் என்று பலகை மாட்டி டூரிஸ்டுகளுக்கு விற்கிற கடை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் மகளின் பல்லில் வெள்ளைப் புள்ளி விழுந்த செய்தி வெளியே தெரிந்த நாளிலிருந்து, நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்பதை எனக்கே ஞாபகப்படுத்தாத ஆள் எங்கள் ஊர் மறையூரில் கிடையாது.

அந்தப் பிள்ளைக்கு முன்பல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை. மாதா கோயில் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று வாயை அகலத் திறந்து பாடுவாள். பாட்டு முடிந்ததும் பக்கத்தில் நிற்பவளோடு சேர்ந்து அதைவிட அகலமாகச் சிரிப்பாள். பூசை நேரத்தில் அந்தச் சிரிப்புக்காக நான் அவளை முறைத்த முறைப்புக்கு அளவில்லை. பல் கடிப்பு சரியில்லை, வயசாக ஆகத் தேய்ந்துவிடும் என்று பள்ளிக்கூடத்துக்கு வந்து பார்த்த பல் டாக்டர் சொன்னதால்தான் கம்பி போட ஒத்துக்கொண்டோம். அழகுக்காக இல்லை.

கம்பி போட்டது மூணாறில். டாக்டர் மலையாளத்துப் பெண், பொறுமைசாலி. மகள் படிக்கிற பள்ளிக்கூடமும் என் கடையும் அங்கேயே இருப்பதால் தினமும் காலையில் தாயும் மகளும் ஒரே பஸ்ஸில் போவோம், சாயங்காலம் ஒன்றாகத் திரும்புவோம். தேயிலைக்காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறுகிற பாதை. வெளியூர்க்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டே வருவார்கள். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பஸ் ஏறும்போதே கன்னத்தில் ஒரு துண்டு வெல்லத்தை அடக்கிக்கொள்வது இங்கே வழக்கம்.

இரண்டு வருஷத்துக்கு மேல் கம்பி இருந்தது. அதைக் கழற்றிய அன்றைக்கு டாக்டர் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். பல்லெல்லாம் கோத்து வைத்த மாதிரி நேராக நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகள் மட்டும் கண்ணாடியை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள், தள்ளிப் பிடித்தாள், மறுபடி கிட்டத்தில் கொண்டுபோனாள்.

“அம்மா, இது என்னாது?”

கம்பியின் பொட்டு ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி ஒவ்வொரு பல்லிலும் வெள்ளையாக ஒரு திட்டு. சுண்ணாம்பு தொட்ட விரலால் யாரோ தொட்டுத் தொட்டு வைத்ததுபோல் இருந்தது. தேய்த்தால் போகிற வெள்ளையும் இல்லை.

டாக்டர் விளக்கினார். பல்லின் மேல் ஓட்டில் இருக்கிற சத்து அந்த இடங்களில் கரைந்து போயிருக்கிறது. இனிப்பு ஒட்டி நின்றால் கிருமி அதைத் தின்று புளிப்பை உண்டாக்கும், அந்தப் புளிப்பு பல்லை அரிக்கும். சொத்தைக்கு முந்தின நிலை இது, இன்னும் ஓட்டை விழவில்லை, பிழைத்தீர்கள் என்றார். காற்றுக் குழாயால் பல்லை ஊதிக் காட்டினார். காய்ந்ததும் திட்டு இன்னும் பளிச்சென்று தெரிந்தது. அதைக் காட்டாமலே இருந்திருக்கலாம்.

“மோளே, ஸ்வீட் வல்லதும் கழிக்குமா? சாக்லேட், மிட்டாய்?” என்று கேட்டார். கழிப்பது என்றால் மலையாளத்தில் சாப்பிடுவது.

“இல்ல டாக்டர்” என்றாள் மகள்.

“வீட்டுக்குள்ளயே விடமாட்டேன் டாக்டர்” என்றேன் நான்.

அது சத்தியமான வார்த்தை. கடையில் உடைந்துபோன துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லி முதலாளியம்மா தினமும் சொல்வார். நான் ஒரு துண்டைக்கூட எடுத்ததில்லை. நாள் முழுக்க அந்த வாசனையிலேயே நிற்கிறவளுக்குச் சாக்லேட்டைக் கண்டாலே குமட்டும். கம்பி போட்ட பிறகு கேக்கைக்கூட நிறுத்தினேன். கிறிஸ்மஸுக்குக் கேக் வெட்டாத வீடு எங்கள் தெருவில் எங்களுடையது ஒன்றுதான்.

அன்றைக்கு பஸ் ஏறும்போதே அவள் கை வாய்க்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. பேசும்போது கை, சிரிப்பு வந்தால் இரண்டு கை. பாடகர் குழுவில் கடைசி வரிசைக்குப் போனாள். “இவ பாடுறாளா, செபம் சொல்றாளான்னே தெரியலக்கா” என்று பாட்டு சொல்லிக்கொடுக்கிற பெண் என்னிடம் குறைப்பட்டாள். கோணல் பல்லோடு ஊரே திரும்பிப் பார்க்கச் சிரித்தவள், பல்லை நேராக்கிய பிறகு வாயை மூடிக்கொண்டாள். இதற்குத்தானா இத்தனை அலைச்சல் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அவள்மேல் இல்லை, யார்மேல் என்றும் தெரியவில்லை.

முதல் வைத்தியம் ஒரு பூச்சு. பல்லுக்குச் சத்து திரும்ப ஏறுவதற்காக டாக்டர் தூரிகையால் பூசிவிட்டார். இராத்திரி பல் தேய்த்த பிறகு தடவ ஒரு களிம்பு கொடுத்தார். எப்போது போகும் என்று கேட்டேன். சில மாசம் பார்க்கலாம் என்றார். பல் வைத்தியத்தில் ‘பார்க்கலாம்’ என்றால் ‘கேட்காதே’ என்று அர்த்தம் போல.

அவர் பார்த்துக்கொண்டிருந்த மாசங்களில் ஊரும் பார்த்தது. என் நாத்தனார் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். வேலி ஓரமாக வந்து நின்றாள்.

“சொன்னா வருத்தப்படாதீங்க மதினி. சாக்லேட் கடையில வேல பாத்துக்கிட்டு, புள்ள பல்லு நல்லாருக்கணும்னா எப்புடி?”

“உங்க மருமக அதத் தொட்டதே இல்ல.”

“நீங்க குடுக்கலம்பீங்க. அது கேக்காம எடுத்திருக்கும். புள்ளதான?”

மறுநாள் பள்ளிக்கூடம் லீவு, நான் மட்டும் கடைக்குப் போயிருந்தேன். நாத்தனார் எலுமிச்சம்பழமும் உப்பும் கொண்டுவந்து, இதை வைத்துத் தேய்த்தால் கறை போய்விடும் என்று மகளிடம் கொடுத்திருக்கிறாள். ஏற்கெனவே புளிப்பு அரித்த பல்லில் இன்னும் கொஞ்சம் புளிப்பு. நான் வருவதற்குள் மகள் ஒரு தரம் தேய்த்தும்விட்டாள். மறைக்கல்வி எடுக்கிற டீச்சர் தண்ணீர்தான் காரணம் என்றார். பஸ்ஸில் எப்போதும் என் பக்கத்தில் உட்காருகிற கடைக்கார அம்மா, அது கால்சியம் குறைவு, முட்டை கொடு என்றார். பங்குச் சாமியார்கூடச் சிரித்துக்கொண்டே, “என்னம்மா, சாக்லேட் மகளுக்கு மட்டுந்தானா, எங்களுக்கில்லையா?” என்றார். சாமியார் என்பதால் நானும் சிரித்துவைத்தேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

இப்படி யாராவது ஒன்று சொன்ன நாளில் வீட்டுக்கு வந்து கட்டன் போட்டுக் குடித்தால்தான் எனக்குத் தலை நிற்கும். பால் இல்லாத கறுப்புத் தேயிலைத் தண்ணீர். அதில் நாங்கள் சீனி போடமாட்டோம். சீனி கெடுதல். தட்டில் வெல்லத்தை உடைத்து வைத்து, ஒரு கடி கடித்துக்கொண்டு ஒரு மடக்குக் குடிப்போம். என் வீட்டுக்காரர் கரும்பு ஆலை வைத்திருக்கிறார். வயலோரத்துக் கொட்டகையில் கொப்பரையில் பாகு காய்ச்சி, சூட்டோடு கையால் உருண்டை பிடிக்கிற வெல்லம். அந்தத் தட்டு எங்கள் வீட்டில் காலியாக இருந்ததே இல்லை. மகளும் என் பக்கத்தில் உட்கார்ந்து கடித்துக் குடித்தபடி, ஊரார் என்னைச் சொன்னதற்கெல்லாம் என்னோடு சேர்ந்து கோபப்படுவாள்.

சில மாசம் கழித்துப் பார்த்தபோது, இருந்த திட்டு மங்கவில்லை. ஈறு ஓரத்தில் புதிதாக இரண்டு இடத்தில் வெளுத்திருந்தது. டாக்டர் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“சேச்சி, தப்பா நினைக்கருது. ஷாப்பில இருந்து எதுவும் கொண்டு போறதில்லல்லோ?”

இந்த டாக்டர் எங்கள் கடைக்கு வந்து சாக்லேட் வாங்குகிறவர். முந்திரி வைத்தது வேண்டும் என்று கேட்டு வாங்குவார். அவர் வாயிலிருந்தே வந்ததும் எனக்குச் சுருக்கென்றது.

“கோயில்ல வந்து சத்தியம் பண்ணுதேன் டாக்டர். இனிப்புங்கிறதே எங்க வீட்டுல கிடையாது.”

அவர் நம்பவில்லை. நம்பாததையும் மரியாதையாக மறைத்துக்கொண்டார். அது இன்னும் எரிந்தது. அடுத்தது வேறு வழி பார்க்கலாம், திட்டு விழுந்த இடத்தில் ஒரு பிசினை ஊற வைத்தால் வெள்ளை மறையும், அறுக்க வேண்டாம், ஊசி வேண்டாம் என்று சொல்லி நாள் குறித்தார்.

அந்த நாளில் யானை வந்தது. பாதையில் ஒற்றை யானை நின்றால் எங்கள் டிரைவர் பேசாமல் வண்டியை நிறுத்திக் காத்திருப்பார், அதுவாகப் போய்விடும். ஆனால் அன்றைக்கு முன்னால் நின்ற டூரிஸ்டுகள் காரை விட்டு இறங்கிப் படம் பிடிக்க, யானை அவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்க, ஃபாரஸ்ட் ஆட்கள் வந்து எல்லாரையும் பார்த்துக் கத்த, பாதி காலை அங்கேயே போய்விட்டது. வழக்கமாக நாங்கள் சீக்கிரம் போய், மகள் வாசல் குழாயில் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே போவாள். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓட்டமும் நடையுமாகப் போனதும், நேரே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

டாக்டர் கன்னத்தை ஒதுக்கினார். கை நின்றது. இடுக்கியால் எதையோ எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். புளியங்கொட்டை அளவுக்குக் கரைந்துபோன ஒரு துண்டு.

“இது எந்தா?”

“வெல்லம் டாக்டர்” என்றாள் மகள், அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல.

“மதுரம் கழிக்கில்லன்னு பறஞ்சதோ?”

“இது இனிப்பு இல்ல டாக்டர். பஸ்ஸுக்கு.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். எனக்கும் அப்போது புரியவில்லை. உதவி செய்கிற தோரணையில் நானும் சொன்னேன். “வளைவுக்கு டாக்டர். வாந்தி வராம இருக்க. எல்லாரும் வைக்கிறதுதான். யானைக்கு நின்னதுல முதல் துண்டு கரைஞ்சிருச்சு, இது ரெண்டாவது.”

அவர் முகமூடியைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார். தினமும் உண்டா? உண்டு. திரும்பி வரும்போது? அப்போதும் வளைவு இருக்கிறதே. கம்பி இருந்த காலத்திலும்? இருந்தது. என்னைப் பார்க்க வரும்போதும்? ஆமாம். வேறு எப்போது? கட்டனுக்குக் கடித்துக்கொள்வோம், அவ்வளவுதான் என்றேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே இறங்கிக்கொண்டு வந்தது.

கம்பிக்கும் கன்னத்துக்கும் நடுவில் வெல்லத்தை அடக்கிக்கொண்டு, கம்பியைப் பார்க்க டாக்டரிடம் போய்க்கொண்டிருந்திருக்கிறோம். சாக்லேட் இல்லை என்று நான் ஊரெல்லாம் சண்டை போட்டதும் நிஜம், டாக்டர் சந்தேகப்பட்டதும் நியாயம். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இனிப்பு தின்பதில்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். சோறு இனிப்பா என்று யாராவது கேட்பார்களா? எங்களுக்கு வெல்லம் அப்படி.

பிசின் வைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலில் இதை நிறுத்துங்கள், புதிதாகத் திட்டு விழுவது நின்ற பிறகு செய்யலாம். இன்னும் சில மாசம்.

வீட்டுக்குப் போனதும் ஆலைக்கொட்டகையில் இருந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கொப்பரையைக் கிண்டிக்கொண்டே கேட்டார். பிறகு துடுப்பை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“நம்ம வெல்லமா? எந்த மருந்தும் கலக்காத வெல்லம். இதத் தின்னா பல்லு போகுமா? ஊரு ஊரா வந்து இதத்தான வாங்கிட்டுப் போறான்?”

“நல்ல வெல்லந்தான். பல்லுக்கு அது தெரியல.”

“அந்த டாக்டரம்மாவ இங்க வந்து பாக்கச் சொல்லு.”

காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. அதற்குப் பிறகு அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டு மட்டும் வழக்கம்போல நிறைந்தே இருந்தது. நாத்தனாருக்கோ ஒரு மாற்றமும் இல்லை. “உங்க சாக்லேட்டச் சொல்லச் சங்கடப்பட்டு டாக்டரம்மா வெல்லத்து மேல பழியப் போடுது மதினி” என்றாள். “அதுக்கும் இதுக்கும் சேத்து நீங்களே ஒரு ஆஸ்பத்திரி வைங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

மகள் மட்டும் நிறுத்தினாள். மறுநாளே வெறும் வாயோடு பஸ் ஏறினாள். நானும் அவளுக்குத் துணையாக வைக்கவில்லை. தேயிலைக்காடு தொடங்கி நாலைந்து வளைவு தாண்டுவதற்குள் எனக்கே வயிற்றைப் புரட்டியது. அவள் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். இந்தப் பாதையில் பிறந்து வளர்ந்த பிள்ளை, டூரிஸ்ட் மாதிரி கவருக்குள் வாந்தி எடுத்தாள். கண்டக்டர், “டீ குடிக்காம ஏற வேண்டியதுதான?” என்று அதட்டினார். பள்ளிக்கூட வாசலில் முகத்தைக் கழுவிக்கொண்டு, ஈரச் சட்டையோடு உள்ளே போனாள். சாயங்காலமும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே. மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், முதல் பாடத்தில் தூங்கிவிட்டாள் என்று புகார் வந்தது.

“ஏட்டி, ஒரு சின்னத் துண்டு வச்சா என்ன? எறங்கினதும் கொப்பளிச்சுக்கிடு” என்று நானே ஒரு நாள் மனசு கேட்காமல் சொன்னேன்.

அவள் கவரை மடித்துப் பைக்குள் வைத்தாள். “வேணாம்மா. எனக்குச் சிரிக்கணும்” என்றாள். சொல்லும்போதும் கை வாயில்தான் இருந்தது.

இதை நான் என் வீட்டுக்காரரிடம் அப்படியே சொன்னேன். மறுநாள் காலையில் தட்டைக் காணோம். அவர் வெறும் கட்டனை விளக்கெண்ணெய் குடிப்பதுபோல் குடித்து முடித்து, டம்ளரை வைத்துவிட்டு ஆலைக்குப் போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வெல்லம் காய்ச்சுவதோடு சரி.

உடம்பு பழகிக்கொண்டது. வாந்தி குறைந்து, ஜன்னலோரம் உட்கார்ந்தால் சமாளிக்கலாம் என்ற அளவுக்கு வந்தது. புதிதாகத் திட்டு எதுவும் விழவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு பிசின் வைத்தியம் நடந்தது. உதட்டைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டி, பற்கள் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்தார்கள். ஒரு களிம்பைத் தடவிக் கழுவி, காய வைத்து, தண்ணீர் போன்ற பிசினை ஊற விட்டு, நீல விளக்கை அடித்தார்கள். மறுபடி ஊற விட்டு மறுபடி விளக்கு. முடிந்ததும் நான் எட்டிப் பார்த்தால் பல்லெல்லாம் முன்னைவிட வெளுத்துக் கிடந்தது. என்ன டாக்டர் இப்படி ஆகிவிட்டது என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. காய்ந்திருப்பதால் அப்படித் தெரிகிறது, எச்சில் பட்டு ஊறட்டும் என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

அவர் சொன்னபடியே ஆனது. இரண்டு நாளில் திட்டுகள் ஒன்றொன்றாகப் பல்லின் நிறத்துக்குள் போய் மறைந்தன. ஒன்று மட்டும் மேல் வரிசையில், நடுப்பல்லுக்குப் பக்கத்தில், அரிசி முனை அளவுக்கு நின்றது. அது ஆழமாகப் போயிருக்கிறது, இருக்கட்டும் என்றார் டாக்டர்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கை இறங்கவில்லை. பேச்சு வந்தால் கை, சிரிப்பு வந்தால் இரண்டு கை. “அதான் போயிருச்சேட்டி, இன்னும் எதுக்கு மூடுத?” என்றால், “நான் எங்க மூடினேன்?” என்று மூடிக்கொண்டே கேட்கிறாள். இதற்கு என்ன செய்வது என்று டாக்டரிடமே கேட்டேன். பல்லுக்குத்தான் சேச்சி நான் டாக்டர் என்றார். இதற்கா வெல்லத்தை நிறுத்தினோம், இதற்கா அந்தப் பிள்ளை அத்தனை நாள் குடல் புரள வாந்தி எடுத்தாள் என்று நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

கடைசியாக ஒரு தடவை பல்லைக் காட்ட வேண்டியிருந்தது. அன்றைக்கு நானும் வருகிறேன் என்று என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். டாக்டரம்மாவுக்கு ஒரு உருண்டை வெல்லம் கொண்டுபோகிறாராம், ருசி பார்த்துவிட்டுச் சொல்லட்டுமாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். பஸ் ஏறும்போது, “கன்னத்துக்குத் துண்டு வச்சுக்கிடுங்க” என்றேன். மகளைப் பார்த்தார்.

“புள்ள வைக்கலையில்ல? எனக்கு மட்டும் என்னா? அம்பது வயசு ஆம்பள நான்.”

தேயிலைக்காட்டின் மூன்றாவது வளைவிலேயே பேச்சு நின்றது. நெற்றி வேர்த்தது. வெல்ல உருண்டையை மகள் கையில் திணித்தார். பிறகு எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, “டிரைவரே, நிறுத்துங்க, நிறுத்துங்க” என்றார். வண்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது. இவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். பாதிப் பேர் கன்னத்தில் இருந்தது இவர் காய்ச்சிய வெல்லம்.

ஓரத்தில் டூரிஸ்டுகள் தேயிலைச் செடிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் போய் வெள்ளைச் சட்டையோடு குனிந்தார். மகள் பின்னாலேயே இறங்கி ஓடினாள். ஒரு கையில் வெல்ல உருண்டை, ஒரு கையில் தண்ணீர் பாட்டில். அவர் நிமிர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, “எப்புடி ஆத்தா தெனமும் வந்த?” என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் மறுபடி குனிந்துவிட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூடுவதற்குக் கை இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வாயை அகலத் திறந்து, முன்பு கோயிலில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள். வெயிலில் அந்த அரிசி முனைப் புள்ளிகூட நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குத் தெரிந்தது. அப்பா வாந்தி எடுக்கும்போது சிரிக்கிறாயே என்று ஜன்னல் வழியாக ஒரு அதட்டு போட வாயெடுத்தேன். போடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கண்டக்டர் விசிலடித்தார். “கொஞ்சம் பொறுங்கண்ணே, புள்ள சிரிக்கா” என்றேன்.